எண்டோமெட்ரியோசிஸ் நோயும் எம்.ஆர்.ஐ. படமும்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெண்களின் கைகளில், "இடுப்பறைக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வருக" என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டு இக்காலத்தில் காணப்படுவதுண்டு. சீட்டைப் பெற்றவர் அதன் பொருளை மருத்துவமனையிலேயே கேட்டறிவது அரிது. அங்கே கூட்டம் மிகுதி. பேசும் மொழியும் வேறு. ஆகவே அவர் அதைத் தம் தெருவுக்கு வரும் சுகாதார ஊழியரிடமோ, பிள்ளை பயிலும் பள்ளியின் ஆசிரியையிடமோ கொண்டுவந்து காட்டுகிறார். அப்பொழுது எழும் கேள்விகள் இரண்டு. அந்த இயந்திரத்தினுள் புகுந்தால் உடலுக்குத் தீங்கு நேருமா என்பது ஒன்று. படத்தில் என்ன தெரியும் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடை எளிது. இரண்டாவதற்கு உரிய விடையை அறியாமையால் பல குடும்பங்களில் பெண்களுக்கு அநீதி நேர்கிறது. எனவே இரண்டையும் சற்று விரிவாகவே ஆராய்தல் தகும்.

கருப்பையின் உட்புறத்தை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. மாதந்தோறும் அது தடித்து, கருத் தங்காவிடில் குருதியோடு கழிந்துவிடுகிறது. இச்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே, அஃதாவது சூற்பையின்மீதோ, மலக்குடலின்மீதோ, சிறுநீர்ப்பையின்மீதோ, வயிற்றறையின் உட்போர்வையிலோ பற்றி வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ் எனப்படும் நோயாகும். இத்திசுவும் மாதவிடாய்ச் சுரப்பு நீர்களுக்கு உட்பட்டுத் தடிக்கிறது, குருதி கசிகிறது. ஆனால் அக்குருதி வெளியேற வழியில்லை. அது தங்கிய இடத்தில் அழற்சி உண்டாகிறது. நாளடைவில் தழும்பு ஏற்பட்டு, தனித்தனியே வழுக்கி அசையவேண்டிய உறுப்புக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மாதவிடாய்க் காலத்தில் தாங்கவியலாத நோவு, மலங்கழிக்கும்பொழுதும் தாம்பத்திய உறவின்பொழுதும் வலி, சிலருக்குப் பிள்ளைப்பேறு தாமதித்தல் ஆகியவை இதன் முக்கியக் குறிகள். உலகில் இனப்பெருக்க வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினர், அஃதாவது 19 கோடிப் பேர், இந்நோய்க்கு உள்ளானவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இந்நோயின் தன்மையை வியன்னா நகரத்து நோய்க்குறி அறிஞர் ரோகிடான்ஸ்கி 1860-ஆம் ஆண்டிலேயே விவரித்தார். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்ஸன், சூற்பையில் உண்டாகும் பழங்குருதி நிரம்பிய கட்டிகளைப் பற்றி 1921-இல் எழுதினார். கெட்டிப்பட்ட கரும்பழுப்புக் குருதி சாக்லேட் குழம்பைப் போலத் தோன்றுவதால் அவற்றுக்குச் "சாக்லேட் கட்டி" என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய்களின் வழியே பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் வீழ்வதே நோய்க்குக் காரணம் என்று அவர் 1927-இல் கூறினார். இது பெரும்பாலும் ஒப்புக்கொள்ளப்பட்டதே. எனினும் பின்னோட்டம் மிகப் பல பெண்களுக்கு நிகழ்கிறது. நோய் சிலருக்கே வருகிறது. ஆகவே நோய்த்தடுப்பாற்றல், மரபணு முதலியவற்றின் பங்கு இன்னும் ஆராயப்பட்டு வருகிறது. அத்தகைய ஆராய்ச்சி தாராவிக்குத் தொலைவில்லாத பரேலிலேயே நடைபெறுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தேசிய இனப்பெருக்க, குழந்தை நல ஆராய்ச்சி நிலையம் இந்தியப் பெண்களிடையே இந்நோயின் இயல்பையும் மரபணுக் கூறுகளையும் பிற மருத்துவமனைகளுடன் சேர்ந்து ஆராய்ந்து வருகிறது.

நம் வீடுகளில் இந்நோய்க்குப் பெயரில்லை. "சூட்டு வலி" என்பர். வெந்தயமும் மோரும் கொடுப்பர். "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்பர். மணமான பின் "ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்பர். பிள்ளையும் பிறந்து வலியும் நீங்காதிருப்பின், வேலைக்கு அஞ்சிப் படுக்கிறாள் என்ற பேச்சு எழுகிறது. இவ்வாறு ஆண்டுகள் கழிகின்றன. மாதவிடாயில் ஓரளவு வலி இயல்பே. ஆயினும் எழுந்து நடமாட விடாத வலி, பள்ளிக்கும் பணிக்கும் போகவொட்டாத வலி, மாதந்தோறும் மருந்து தின்றும் அடங்காத வலி ஆகியவை இயல்பானவையல்ல.

இத்தகைய வலியோடு வரும் பெண்ணை மருத்துவர் முதலில் விசாரித்தும் கையால் சோதித்தும் பார்க்கிறார். அடுத்து, செவிக்குப் புலனாகாத ஒலியலைகளைக் கொண்டு எடுக்கும் சோனோகிராபி. மணமான பெண்களுக்கு யோனி வழியாகச் செய்யப்படும் சோனோகிராபியே இந்நோயைக் காண்பதில் சிறந்த முதற்படி. மணமாகாத பெண்களுக்கு நம் நாட்டில் அது வழக்கமாகச் செய்யப்படுவதில்லை; வயிற்றின் மேலிருந்து பார்ப்பதில் தெளிவு குறைவு. ஆகையால் இளம் பெண்களுக்கு எம்.ஆர்.ஐ. தனிப் பயன் தருகிறது. மற்றையோருக்கு, நோய் ஆழப் பரவியிருக்கக்கூடும் என்று ஐயம் எழும்பொழுதும், அறுவைக்கு முன்னரும் அது தேவைப்படுகிறது. மலக்குடலின் சுவரில் நோய் எவ்வளவு ஊடுருவியுள்ளது, சிறுநீரகத்திலிருந்து நீரைக் கொணரும் குழல் நெருக்குண்டிருக்கிறதா என்பவற்றை அறுவை மருத்துவர் முன்கூட்டியே அறிய வேண்டும். நீர்க்குழலை இந்நோய் மெள்ள மெள்ள அடைக்குமாயின், யாதொரு வலியும் தோன்றாமலே ஒரு சிறுநீரகம் பயனற்றுப் போகக்கூடும். இதனைப் படத்தில் கண்டு தடுக்கலாம்.

காந்தமும் நீரும்

எம்.ஆர்.ஐ. என்பது எக்ஸ்-கதிர்ப் படமன்று. அதில் எவ்வகைக் கதிரியக்கமும் இல்லை. இதனை ஊழியர்கள் முதலிலேயே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். "அடிக்கடி படம் எடுத்தால் கருப்பை வெந்துபோகும்" என்னும் அச்சத்துக்கு இங்கு இடமில்லை.

உடலின் எடையில் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு மிகச் சிறிய காந்தம் போன்றது. இயல்பாக இவை நானா திசைகளிலும் நோக்கி நிற்கின்றன. வலிமை மிக்க காந்தப் புலத்தினுள் உடலை வைத்தால் இவற்றில் ஒரு சிறுபகுதி புலத்தின் திசையை ஒட்டி ஒழுங்குபடுகிறது. அப்பொழுது தக்க அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையைச் செலுத்தினால் அணுக்கருக்கள் அதனை ஏற்று நிலை பெயர்கின்றன. அலையை நிறுத்தியதும் தாம் ஏற்ற சக்தியை மீண்டும் ரேடியோ அலையாகவே வெளியிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்புவதற்கு ஆகும் காலம் கொழுப்பில் ஒருவிதம், தசையில் ஒருவிதம், தேங்கிய நீரில் வேறொருவிதம். இவ்வேறுபாட்டையே கணிப்பொறி கறுப்பு வெள்ளைப் படமாக்கித் தருகிறது.

இயந்திரங்களில் பெரும்பாலானவை 1.5 டெஸ்லா வலிமையுடையவை. இது பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. இவ்வலிமையில் அணுக்கருக்கள் ஏற்கும் அலை விநாடிக்கு ஏறக்குறைய 6 கோடியே 40 லட்சம் அதிர்வுகள் கொண்டது. பண்பலை வானொலி நிலையங்களின் அதிர்வெண்ணைவிடச் சற்றே குறைவு. வெளியிலுள்ள அலைகள் உட்புகுந்து படத்தைக் கெடுக்காதிருக்க, அறையின் சுவர்களுக்குச் செப்புத் தகடு போன்ற உலோகக் கவசம் இடுகின்றனர். காந்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள் திரவ ஹீலியத்தால் சுழிக்குக் கீழ் 269 டிகிரி அளவில் குளிர்விக்கப்பட்டு, மின்தடையே இல்லாத நிலையில் இயங்குகிறது. ஆதலால் அறையில் விளக்கு அணைந்தாலும், மின்சாரம் நின்றாலும், ஞாயிற்றுக்கிழமையில் எவரும் இல்லாவிடினும், காந்தம் காந்தமாகவே இருக்கிறது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் இருத்துக. பின்னர் இதற்குத் தேவை உண்டு.

பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் நிலையம் ஒன்று பம்பாயின் குலாபாவில் 19-ஆம் நூற்றாண்டிலேயே இயங்கி வந்தது. நகரில் மின்சார டிராம் வண்டி வரப்போகிறது என்றவுடன், அதன் மின்னோட்டம் நுண்ணிய அளவைகளைக் கலைத்துவிடும் என்று கருதி, கடலுக்கு அப்பாலுள்ள அலிபாகில் 1904-இல் வேறு நிலையம் அமைத்தார்கள். அங்கே இரும்பு சேராத கட்டடங்கள் எழுப்பப்பட்டன. இரும்பை வாயிலிலேயே நிறுத்தும் வழக்கம் மும்பைக்குப் புதிதன்று என்பதற்காக இது இங்கே கூறப்படுகிறது.

அணுக்கருவின் காந்த ஒத்திசைவை 1946-இல் பிளாக், பர்செல் என்னும் இருவரும் தனித்தனியே கண்டு வெளியிட்டு, 1952-இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். இத்துறையில் இந்தியர் பின்தங்கியிருக்கவில்லை. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பிளாக் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் எஸ். எஸ். தர்மாட்டி, வேறிருவருடன் சேர்ந்து, ஒரே மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களும் தம் சூழலுக்கேற்ப வெவ்வேறு குறிகளைத் தருகின்றன என்பதை 1951-இல் சாராயத்தைக் கொண்டு காட்டினார். பின்னர் அவர் பம்பாயின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை நிறுவி வளர்த்தார். அதே 1951-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஜி. சூர்யன், குழாயில் ஓடும் நீரின் ஓட்டத்தை இம்முறையால் கண்டறியலாம் என்று வெளியிட்டார். 1973-இல் லாட்டர்பர் இக்குறிகளைப் படமாக்கும் வழியைக் கண்டார். மேன்ஸ்பீல்டு அதனை விரைவுபடுத்தினார். இருவருக்கும் 2003-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. 1977-இல் மனித உடலை முதன்முதல் இம்முறையில் படமெடுத்த டாமடியனுக்கு ஒரு படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆயிற்று! இப்பொழுது மும்பை பொவாயிலுள்ள 'சமீர்' என்னும் மத்திய அரசு நிறுவனம் 1.5 டெஸ்லா இயந்திரம் ஒன்றை உள்நாட்டிலேயே உருவாக்கி வருகிறது. அதனைத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிறுவிச் சோதிப்பதற்கான உடன்படிக்கை 2025 மார்ச்சில் கையெழுத்தாயிற்று.

எண்டோமெட்ரியோசிஸை இம்முறை காட்டிக்கொடுப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. தேங்கிப் பழமைப்பட்ட குருதியிலுள்ள இரும்பு வேதியியல் முறையில் மாற்றமடைந்து, அருகிலுள்ள நீரின் அணுக்கருக்களை விரைவில் நிலைக்குத் திரும்பச் செய்கிறது. அதனால் டி-1 என்னும் வகைப் படத்தில் சாக்லேட் கட்டி வெண்மையாக ஒளிர்கிறது. கொழுப்பும் அவ்வாறே ஒளிரும். ஆனால் கொழுப்பின் குறியை மட்டும் அடக்கிவிட்டு மறுபடி எடுப்பர். அப்பொழுதும் ஒளிர்வது பழங்குருதி. அதே கட்டி டி-2 என்னும் வகைப் படத்தில் மங்கிக் கறுக்கிறது. இவ்விரண்டையும் ஒப்பிட்டே மருத்துவர் முடிவு செய்கிறார்.

படமெடுக்கும் நாள்

மேலே கூறிய காந்தம் ஒருபொழுதும் அணைவதில்லை என்பதற்கு ஒரு துயரச் சான்று மும்பையிலேயே உண்டு. 2018 ஜனவரியில் நாயர் மருத்துவமனையில் நோயாளி ஒருவருடன் சென்ற உறவினர், ஆக்சிஜன் உருளையை எம்.ஆர்.ஐ. அறைக்குள் எடுத்துச் சென்றார். காந்தம் உருளையை இழுக்க, அதனோடு அவரும் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். படமெடுக்கச் செல்லும் பெண்ணைவிட உடன் செல்வோருக்கே இவ்வெச்சரிக்கை மிகுதியும் வேண்டும். காவலர் தடுத்தால் சினங்கொள்ளலாகாது.

பெண்களிடம் உலோகத்தைப் பற்றிப் பேசுகையில் தாலியைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். தூய தங்கத்தைக் காந்தம் இழுப்பதில்லை என்பது உண்மை. ஆனால் உலோகச் சங்கிலி ரேடியோ அலையினால் சூடேறக்கூடும். கொக்கியிலும் உருவிலும் வேறு உலோகம் கலந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாலியோடு கோத்து வைத்திருக்கும் சேப்டி பின் எஃகினாலானது. ஆகவே எல்லா நிலையங்களிலும் அதனைக் கழற்றச் சொல்கிறார்கள். வாயிலில் நின்று திடீரெனக் கேட்கும்பொழுது பெண் கலங்குகிறாள். உடன்வந்த மாமியார் மறுக்கிறார். சிலர் படமெடுக்காமலே திரும்பிவிடுகின்றனர். இதனைத் தவிர்க்கும் வழி நம் வழக்கத்திலேயே உள்ளது. தாலிச் சங்கிலியைத் தட்டாரிடம் கொடுக்கும் நாட்களில் பெண்கள் மஞ்சள் கிழங்கு கோத்த மஞ்சள் கயிற்றை அணிந்துகொள்வதுண்டு. முதல்நாளே வீட்டில் அவ்வாறு மாற்றிக்கொண்டு வரலாம் என்று ஊழியர் சொல்லிவிட்டால் சச்சரவுக்கு இடமில்லை. மெட்டி, மூக்குத்தி, தாயத்து, கொண்டை ஊசி, கருகமணியின் உலோகக் கண்ணி, சரிகைப் புடவை ஆகியவற்றுக்கும் இதுவே விதி. கண் மை தீட்டாமல் செல்வது நலம். பழைய பச்சைக் குத்தல் இருப்பின் சொல்லிவிட வேண்டும். அவ்விடத்தில் சிறிது சூடு தோன்றினால் உடனே தெரிவிக்க வேண்டும். கைப்பேசியும் வங்கி அட்டையும் வெளியே இருக்கட்டும்.

உடலுக்குள் இருக்கும் உலோகம் இதனினும் முக்கியம். இதயத்துடிப்புக் கருவி, மூளை இரத்தக் குழாயில் இட்ட கிளிப், செவியினுள் பொருத்திய கருவி, எலும்பு முறிவுக்கு இட்ட தகடு ஆகியவற்றை மறைக்காமல் கூற வேண்டும். சிலவற்றோடு படமெடுக்கலாம், சிலவற்றோடு கூடாது. முடிவு செய்வது நிலையத்தாரின் பொறுப்பு. செம்பாலான காப்பர்-டி சாதனத்தால் வழக்கமான இயந்திரங்களில் அபாயம் இல்லை. ஆயினும் அதனையும் சொல்ல வேண்டும். தாராவியின் 13-ஆம் காம்பவுண்டில் பழைய உலோகம் பிரிக்கும் தொழில் செய்தவர்களையும், பட்டறையில் சாணை பிடித்தவர்களையும் மற்றொரு கேள்வி கேட்க வேண்டும்: கண்ணில் எப்பொழுதேனும் இரும்புத் துகள் விழுந்ததுண்டா? விழுந்திருப்பின் முதலில் கண்ணைச் சோதித்தல் அவசியம்.

படத்துக்கு முன் 4 முதல் 6 மணி நேரம் உணவு உண்ணலாகாது என்பது வழக்கம். குடல் அசைந்துகொண்டிருந்தால் படம் கலங்கும் என்பதே காரணம். விடியுமுன் எழுந்து இட்டலி அவித்து விற்கும் பெண்களுக்கு நண்பகல் வரை பட்டினி கிடப்பது துன்பம். காலை முறையைக் கேட்டுப் பெறலாம். சிறுநீர்ப்பை முற்றும் காலியாகவும் இன்றி முட்டவும் நிறையாமல் இருப்பது நல்லது. குடலின் அசைவை அடக்க ஓர் ஊசி போடுவதுண்டு. அதனால் சிறிது நேரம் நா வறளும், பார்வை மங்கும், படபடப்புத் தோன்றும். பார்வை தெளியும் வரை அமர்ந்திருந்துவிட்டே தெருவைக் கடக்க வேண்டும். கண் அழுத்த நோயும் இதய நோயும் உள்ளவர்கள் ஊசிக்கு முன்னரே அதைக் கூறுதல் வேண்டும். சில நிலையங்களில், உறுப்புக்களின் எல்லை தெளிவாகத் தெரியும்பொருட்டு யோனியிலோ மலக்குடலிலோ பசை போன்ற மருந்தை நிரப்புகின்றனர். இது பெண்ணின் சம்மதத்துடன், பெண் ஊழியரின் துணையுடன் செய்யப்பட வேண்டியது. வேண்டாமெனச் சொல்ல அவளுக்கு உரிமையுண்டு. மணமாகாதவர்களுக்கு யோனி வழியாக இது செய்யப்படுவதில்லை. காடோலினியம் சேர்ந்த மருந்தை நரம்பில் செலுத்துவதும் எல்லோருக்கும் வேண்டியதன்று. சிறுநீரக நோய் உள்ளவர்களும், நாள் தள்ளிப்போயிருப்பவர்களும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

மாதவிலக்கு நாட்களில் படமெடுக்கலாமா என்று பலர் தயங்குகின்றனர். எடுக்கலாம். அந்நாட்களில் எவரையும் தீண்டலாகாது என்னும் பழைய எண்ணத்தால் கிடைத்தற்கரிய முறையை விட்டுவிட்டு, மீண்டும் பல வாரங்கள் காத்திருப்பது வீண்.

உடைமாற்றி, மேசையில் மல்லாந்து படுத்தபின் இடுப்பின்மீது ஒரு தட்டையான சுருளை வைத்துக் கட்டுகிறார்கள். அதுதான் உடலிலிருந்து வரும் ரேடியோ அலையைப் பெறும் ஏரியல். பின்னர் மேசை, சுமார் 60 அல்லது 70 செ.மீ. அகலமுள்ள குழாயினுள் நகர்கிறது. குழாயின் இருமுனைகளும் திறந்திருக்கும். உள்ளே வெளிச்சமும் காற்றும் உண்டு. அடைப்பட்ட இடத்துக்கு அஞ்சுவோர், கால் முன்னாகச் செலுத்துமாறு கேட்கலாம். இடுப்புப் படத்துக்கு அது பல நிலையங்களில் இயலும். கையில் ஓர் இரப்பர்ப் பந்தைத் தருவார்கள். அதனை அழுத்தினால் வெளியிலுள்ளவர் உடனே வருவார். இப்பந்தின் பயனைச் சொல்லாமல் விட்டதனால் அஞ்சி அழுதவர் பலர்.

ஓசை பெரிது. காந்தப் புலத்தை இடத்துக்கு இடம் சிறிது மாற்றிக் காட்டும் சுருள்களில் மின்னோட்டம் விரைந்து விட்டுவிட்டுப் பாய்வதால் அவை அதிர்ந்து தட்டுகின்றன. மாட்டுங்கா ரயில் பணிமனையின் அருகே குடியிருப்போருக்கு இவ்வோசை புதிதாகத் தோன்றாது. காதடைப்பான் தருவார்கள், தராவிடில் கேட்க வேண்டும். ஓசை நின்று மீண்டும் வேறு தாளத்தில் எழும். இயந்திரம் பழுதுபட்டது என்று எண்ணலாகாது. மொத்தம் 30 முதல் 45 நிமிடங்கள் ஆகலாம். ஒவ்வொரு வரிசைப் படத்துக்கும் சில நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டும். ஊழியர் ஒலிபெருக்கி வழியே இந்தியிலோ மராத்தியிலோ பேசக்கூடும். "ஹில்னா மத்" என்றால் அசையாதே என்பது பொருள். "சாங்ஸ் ரோக்கோ" என்றால் மூச்சைப் பிடி. "சோடோ" என்றால் விடு. இந்த மூன்று தொடர்களை முன்னரே சொல்லி வைப்பது பெருந்துணை. வலி மிகுந்த நாளாயின், முழங்காலின் கீழ் ஒரு தலையணை கேட்டால் இடுப்பு சற்றே தளரும்.

அறிக்கையும் வலியும்

அறிக்கை ஆங்கிலத்தில் வரும். அதில் "எண்டோமெட்ரியோமா" என்றிருந்தால் சூற்பையில் சாக்லேட் கட்டி உள்ளது என்று பொருள். "டீப்" என்ற சொல், நோய் உறுப்பின் உள்ளே ஊடுருவியிருப்பதைக் குறிக்கும். "அட்ஹீஷன்" என்பது ஒட்டுதல். "அடினோமயோசிஸ்" என்பது கருப்பையின் தசைச் சுவருக்குள்ளேயே இத்திசு புகுந்திருக்கும் வேறொரு நிலை. இரண்டும் ஒருவருக்கே இருப்பதுண்டு. இச்சொற்கள் எவையும் புற்றுநோயைக் குறிப்பன அல்ல. படத்தைப் பார்த்த அயலார் சிலர் "கட்டி" என்ற சொல்லைக் கேட்டவுடன் டாடா நினைவு மருத்துவமனைக்கு வழி சொல்லத் தொடங்குகின்றனர். இது வீண் பீதி.

ஆனால் மிகுதியும் தவறாகக் கொள்ளப்படுவது "நார்மல்" என்னும் சொல்லேயாகும். படம் தெளிவாக இருக்கிறது, நோய்க்குறி ஏதும் காணவில்லை என்று அறிக்கை கூறினால், வலி பொய் என்று குடும்பத்தார் முடிவு கட்டுகின்றனர். கடன் பட்டுப் படமெடுத்தோம், ஒன்றுமில்லையாமே என்று கணவர் சினக்கிறார். அப்பெண் அதன்பின் வலியை வாய்விட்டுச் சொல்வதையே விட்டுவிடுகிறாள்.

இம்முடிவு விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது. காரணம் எளியது. இயந்திரம் உடலை ஏடு ஏடாக வகுத்துப் படமெடுக்கிறது. இடுப்பறைப் படத்தில் ஓர் ஏட்டின் கனம் பெரும்பாலும் 3 அல்லது 4 மி.மீ. இந்நோயின் ஒரு வகை, வயிற்றறையின் உட்போர்வைமீது 1 அல்லது 2 மி.மீ. அளவுள்ள மெல்லிய புள்ளிகளாகவே படிந்திருக்கிறது. அத்தகைய புள்ளியின் குறி, அதே ஏட்டில் அடங்கிய சூழ்ந்த திசுக்களின் குறியோடு கலந்து மறைந்துவிடுகிறது. தாராவி ஒருகாலத்தில் கோலி மீனவரின் ஊராக இருந்தது; வலைக்கண்ணைவிடச் சிறிய மீன் வலையில் சிக்காது என்பதை அங்கே எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை. வலையில் மீனில்லை என்பதனால் கடலில் மீனில்லை என்று அவர்கள் கூறியதில்லை.

சாக்லேட் கட்டியையும் ஆழ்ந்த நோயையும் எம்.ஆர்.ஐ. நன்கு காட்டும். மேலோட்டமான புள்ளிகளை அது பெரும்பாலும் காட்டாது. வலியின் கடுமையோ நோயின் பரப்பைப் பொறுத்ததன்று. பெரிய கட்டி உள்ளவர் வலியின்றி இருப்பதும், சில புள்ளிகளே உள்ளவர் துடிப்பதும் மருத்துவர்கள் நன்கறிந்தவை. மனித இனப்பெருக்க மருத்துவத்துக்கான ஐரோப்பியக் கழகம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும், படத்தில் ஒன்றும் தெரியாமையால் நோய் இல்லை என்று தள்ளலாகாது என்றே கூறுகிறது. முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டு லாப்ராஸ்கோப் கருவியால் நேரில் பார்த்தே நோயை உறுதி செய்தனர். இப்பொழுது குறிகளைக் கொண்டே சுரப்பு நீர் மருந்துகளைத் தொடங்கிப் பார்க்கலாம் என்பதும், படம் தெளிவாயிருந்து மருந்தும் பயன்படாதபொழுது லாப்ராஸ்கோப்பை நாடலாம் என்பதும் அவ்வழிகாட்டியின் கருத்து. இம்மருந்துகள் நோயை அடக்குவன. வேரோடு களைவன அல்ல. பிள்ளைப்பேற்றை விரும்புவோருக்குச் சிகிச்சை வேறு. அதனை மகப்பேற்று மருத்துவரோடு பேசியே முடிவு செய்தல் வேண்டும்.

ஆகவே அறிக்கையைப் படித்துச் சொல்லும்படி கேட்கப்படும் ஊழியர், "ஒன்றுமில்லை" என்ற சொல்லை ஒருபொழுதும் வழங்கலாகாது. "அம்மா, பெரிய கட்டியோ ஒட்டுதலோ படத்தில் தெரியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். உங்கள் மருமகளுக்கு வலி இல்லை என்று எழுதவில்லை. சீட்டு எழுதிய டாக்டரிடமே இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்று மாமியாரிடம் கூறுவது பொருத்தமானது. கணவரும் உடனிருக்கையில் இதைக் கூறினால் பயன் மிகுதி.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது வேறொன்று. இந்நோயின் வலி பலருக்குப் பூப்பெய்திய சில ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளிலும் பிற பள்ளிகளிலும் வருகைப் பதிவேடு ஆசிரியையின் கையில் இருக்கிறது. ஒரு மாணவி மாதந்தோறும் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் இரண்டு மூன்று நாட்கள் வராதிருப்பது அதில் தெளிவாகத் தெரியும். அவளைத் தனியே அழைத்து விசாரித்து, தாயுடன் தாராவியில் சயான் மருத்துவமனையைச் சார்ந்த நகர்ப்புறச் சுகாதார நிலையத்துக்கோ, அருகிலுள்ள மாநகராட்சி மருத்துவமனைக்கோ அனுப்பலாம். அவளுக்கு உடனே எம்.ஆர்.ஐ. தேவைப்படும் என்பதில்லை. வலிநீக்கும் மருந்தை உரிய அளவில், உரிய நேரத்தில் உட்கொள்வதே பலருக்குப் போதுமானது. போதாதபொழுதே மேற்சோதனை.

மருத்துவரிடம் செல்லும் பெண், நாள் கிழிக்கும் காலண்டரின் தாள்களில் வலி வந்த நாட்களைக் குறித்து, மூன்று மாதத் தாள்களைக் கிழிக்காமல் எடுத்துச் செல்வது நல்லது. வலி எந்த நாளில் தொடங்கிற்று, எத்தனை மாத்திரை உட்கொண்டாள், எழுந்து வேலை செய்ய முடிந்ததா என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். பழைய சோனோகிராபி அறிக்கைகளையும், எம்.ஆர்.ஐ. நிலையத்தில் படத்தோடு தரும் குறுந்தகட்டையும் அத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். அறுவை மருத்துவர் அறிக்கையைப் படிப்பதோடு நில்லாமல் படத்தையே காண விரும்புவார். மும்பை மழையில் கூரை ஒழுகும் வீடுகளில் இவை நனைந்து கெடுவது வழக்கமாதலால், இரட்டைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ரேஷன் அட்டை வைக்கும் பெட்டியிலேயே வைக்கச் சொல்லலாம்.